பிபில்னா என்ன? குழியும் செவப்பு மசாலாவும் – சொல் விளக்கம்

செவப்பா மசாலா தடவி வாழை இலையில சுத்தி வேகவெச்ச எந்த மெக்சிகன் கறியையும் "பிபில்"னு சொல்லிடறாங்க, சிலர் அந்தச் செவப்பு மசாலாவுக்கே பிபில்னு பேர் வெச்சுட்டாங்க. மசாலாவுக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தமே இல்ல. இது சமைக்கிற முறையோட பேரு.

ஸ்பானிஷ் சொல்லும் கிடையாது. மெக்சிகோவோட தென்கிழக்குல யுகத்தான் தீபகற்பம் இருக்குல்ல, அங்க மாயா மக்கள் பேசுற மொழியில "பிப்"னா மண்ணுல தோண்டின அடுப்பு, "பிபில்"னா அந்தக் குழியடுப்புல வெந்தது. குழி தோண்டி, விறகு எரிச்சு, கல்லு நல்லா பழுக்கச் சூடானதும் இலையில பொதிஞ்ச கறியை உள்ள எறக்கி, மேல இலை தழையெல்லாம் போட்டு மண்ணைத் தள்ளி மூடிடுவாங்க, ராத்திரி முழுக்க அது தன்னோட ஈரத்துலயே வெந்து காலைல கையால பிச்சா நாரு நாரா வரும். யுகத்தானோட பெரிய ஊரான மெரிதா பக்கம் ஞாயித்துக்கிழமை காலைச் சாப்பாடே இதான், ஊறவெச்ச வெங்காயமும் ஹபனேரோ மிளகாயும் தொட்டுக்க.

பிபில்ல ரொம்பப் பேர் போனது "கோச்சினிட்டா பிபில்", கோச்சினிட்டான்னா ஸ்பானிஷ்ல பன்னிக்குட்டி. பன்னி, வாழை, புளிப்பு ஆரஞ்சு மூணுமே ஸ்பானியர்கள் வந்தப்புறம் அங்க போய்ச் சேர்ந்தது. அதுக்கு முன்னாடி குழியில வெந்தது மானும் காட்டு வான்கோழியும். பொருள் மாறியும் குழியோட பேரு மாறல பாருங்க, எனக்கு இந்தச் சொல்லு மேல மரியாதை வந்ததே அதனாலதான். நவம்பர் மாசம் செத்தவங்களுக்குப் படைக்கிற ஹனால் பிஷான் அன்னைக்கு, மக்காச்சோள மாவுல கோழிக்கறி வெச்சு குழியில வேகவெக்கிற பெரிய பணியாரத்துக்கும் சும்மா "பிப்"னுதான் பேரு.

இப்ப செவப்புக்கு வருவோம். அந்த அரைச்ச மசாலாவுக்குப் பேரு "ரெக்காதோ ரோஹோ", ரோஹோன்னா செவப்பு. ரெக்காதோன்னா ஸ்பானிஷ்ல பொதுவா சொல்லியனுப்புற சேதி, ஆனா யுகத்தான்ல மசாலா விழுது. அச்சியோட்டே விதை, மிளகு, சீரகம், கிராம்பு, ஓரெகானோ, பூண்டு, உப்பு எல்லாம் சேர்த்து அரைச்சு, புளிப்பு ஆரஞ்சு சாறுல கரைச்சுக் கறியில தடவுவாங்க. பார்க்க மிளகாய் மாதிரி இருக்கும், காரமே இருக்காது, லேசா மண்வாசனை. அந்த நிறம் அச்சியோட்டே விதையில இருக்கற பிக்ஸின்ங்கற பொருளால வருது, அது கொழுப்புல நல்லா கரையும், அதனாலதான் பன்னிக் கொழுப்போட சேர்ந்ததும் கறி முழுக்க செவப்பேறுது. சீஸ், வெண்ணெய்க்குக் கலர் குடுக்கறதும் இதே விதைதான், பாக்கெட்ல இ160பின்னு போட்டிருக்கும்.

அச்சியோட்டேங்கற சொல்லு மெக்சிகோவோட இன்னொரு பழங்குடி மொழியான நாவாட்ல்லோட "ஆச்சியோட்ல்"லேர்ந்து வந்தது. ஸ்பானியர் கப்பலோட பிலிப்பைன்ஸ் போய் அங்க "அட்சுவேத்தே" ஆயிடுச்சு. தாவரப் பேரு பிக்ஸா ஒரெல்லானா, அமேசான் ஆத்துல 1541-42ல போன ஸ்பானியப் பயணி ஒரெல்லானா பேரு அது.

தமிழ்ல இந்த விதைக்கு ஏற்கெனவே பேரு இருக்கு, சாப்பிரா விதை, ஜாப்ரான்னும் சொல்றாங்க. அதனால ரெக்காதோ ரோஹோவை "சாப்பிரா மசாலா"ன்னே எழுதலாம், புதுசா எதையும் உருவாக்க வேணாம்.

பிபிலுக்கு? வறுவல்னு எழுதறது தப்பு, எண்ணெய்ல வறுக்கறதே இல்ல. "சுட்ட கறி"யும் சரியா வராது, தீ நேரா படாம மூடின சூட்டுல ஈரத்தோட வேகுது. அதுக்கு நம்மகிட்ட பழைய சொல்லு இருக்கு, புழுக்கு. பொருநராற்றுப்படையில செம்மறிக்கறியையே "துருவையம் புழுக்கு"ன்னு பாடியிருக்கு. ஆக "குழிப்புழுக்கு"ன்னு எழுதலாம்ங்கறது என் கருத்து. கோச்சினிட்டா பிபில்னா பன்னிக் குழிப்புழுக்கு, போயோ பிபில்னா கோழிக் குழிப்புழுக்கு. வீட்டு ஓவன்ல செய்றதையும் அங்க பிபில்னுதான் சொல்றாங்க, ஆனா தமிழ்ல எழுதறப்ப குழி இல்லாததுக்கு "இலைப்புழுக்கு"ன்னு போட்டா படிக்கிறவங்களுக்கு எது எப்படிச் சமைச்சதுன்னு தெளிவா புரியும்.