ஹீட்டருக்குள் எந்த ஒயர் போடுகிறீர்கள்?

"ஒயர் எரிஞ்சு போச்சு, இந்த வாட்டி நல்லா தடியா போட்டுக் குடுங்க." ரிப்பேருக்கு ஹீட்டர் கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான். தடிமன் முக்கியம்தான். ஆனால் நான் பிரித்துப் பார்க்கிற ஹீட்டர்களில், மெல்லிய ஒயர் என்பதால் எரிந்ததைவிட, சூடு தாங்காத ஒயரைச் சூடான இடத்தில் போட்டதால் எரிந்ததே அதிகம்.

வேலூர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மார்கழி, தை மாதத்தில் ஏலகிரி மலைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும், ரூம் ஹீட்டர் இல்லாமல் தங்குவது கஷ்டம். ஊருக்குள் வீட்டுக்கு வீடு கீசர். காந்தி ரோடு, தோட்டப்பாளையம் பக்கத்து லாட்ஜுகளில், வட மாநிலங்களிலிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் காயில் அடுப்பில்தான் சமைக்கிறார்கள். உருவம் வேறானாலும் மூன்றிலும் ஒயர் விஷயம் ஒன்றுதான்.

முதலில், பிளக்கிலிருந்து ஹீட்டர் வரைக்கும் வரும் வெளி ஒயர். ஹீட்டரின் பின்பக்கத் தகட்டில் வாட் எழுதியிருக்கும். அதை 230-ஆல் (நம் வீட்டு கரண்டின் வோல்ட்) வகுத்தால் ஆம்பியர் கிடைத்துவிடும். 1000 வாட் என்றால் 4.3 ஆம்பியர், 2000 வாட் என்றால் 8.7, 3000 வாட் என்றால் 13. கடையில் 23/76 என்று கேட்டு வாங்குகிற, 23 மெல்லிய இழை கொண்ட ஒயர் ஐந்தாறு ஆம்பியருக்குத்தான் லாயக்கு. அதை 2000 வாட் ஹீட்டருக்குப் போட்டால் அன்றைக்கே எரியாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகி, ஒரு சீசனுக்குள் உறை இறுகிப்போய், மடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். 2000 வாட்டுக்கு ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் போடுங்கள். 3000 வாட்டுக்கு இரண்டரை ஸ்கொயர். ஒரு ஸ்கொயர் ஒயரே பத்து ஆம்பியர் தாங்கும் என்று கடைக்காரர் சொல்வார், அது சரிதான். ஆனால் நம் ஊர் வெயிலில் சுவரே கொதிக்கிறது, ஒயரிலிருந்து சூடு எங்கே இறங்கும்? கணக்குக்குக் கொஞ்சம் மேலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ரூம் ஹீட்டருக்கும் காயில் அடுப்புக்கும் சாதா பி.வி.சி. ஒயரைவிட, அயன் பாக்ஸுக்கு வருகிற நூல் சுற்றிய ரப்பர் ஒயர்தான் பொருத்தம். தவறிப்போய்ச் சூடான தகட்டில் பட்டால் பி.வி.சி. உடனே இளகி ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது உள் ஒயர். அதிகம் தப்பு நடக்கிற இடம் இதுதான். சாதா பி.வி.சி. உறை 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். எச்.ஆர். என்று போட்டு வருகிற, சூடு தாங்கும் வகை பி.வி.சி. 85 டிகிரி. ரூம் ஹீட்டருக்குள் காயில் முனையை ஒட்டிய இடத்தில் 100 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அங்கே நாலு ஸ்கொயர் பி.வி.சி. போட்டாலும் உறை உருகத்தான் செய்யும். செம்பு வெளியே தெரியும், பாடியைத் தொடும், அதைத் தொட்டவருக்கு ஷாக். உள்ளே போட வேண்டியது மேலே ஃபைபர் கிளாஸ் பின்னிய சிலிக்கான் ஒயர். 180 டிகிரி வரைக்கும் தாங்கும். கடையில் 'ஹீட் ப்ரூஃப் ஒயர்' என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் விலைதான், ஆனால் ஒரு ஹீட்டருக்கு ஒன்றிரண்டு அடி போதுமே!

இணைப்பையும் சொல்லிவிடுகிறேன். ஹீட்டருக்குள் ஈயப் பற்றவைப்பு வேண்டாம், ஏறக்குறைய 190 டிகிரியில் ஈயம் உருகி இணைப்பு கழன்றுவிடும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் வேண்டாம். டேப்பும் பி.வி.சி.தான். திம்பிள் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போட்டு அழுத்தி ஸ்க்ரூவில் முடுக்குங்கள், அல்லது பீங்கான் கனெக்டர் வையுங்கள். பழைய ஒயரின் செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு தெரிகிற வரைக்கும் வெட்டிவிடுங்கள். கறுத்த முனை மறுபடி சூடாகும்.

மூன்றாவது, சூடு தருகிற காயில். இது செம்பு இல்லை, நைக்ரோம். நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். அறுந்துபோனால் இரண்டு முனையையும் இழுத்து முறுக்கிவிட்டு, "ஓடுது பார்" என்பவர்கள் உண்டு. லாட்ஜ் அடுப்புகளில் இந்த முடிச்சைத்தான் பார்க்கிறேன். சிவந்த காயிலில் அந்த முடிச்சு மட்டும் வெள்ளையாகத் தெரியும், மறுபடி அங்கேதான் அறும். அறுந்த துண்டை வெட்டி எறிந்தால் இன்னும் மோசம். 1000 வாட் காயிலில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டிவிட்டால், மீதிக் காயில் 1250 வாட் இழுக்கும். சூடு நிறைய வருகிறது என்று சந்தோஷப்படுவார்கள், ஆனால் அந்தக் காயில் நீண்ட நாள் தாங்காது, வெளி ஒயருக்கும் பாரம் கூடும். அதே வாட் காயில் புதிதாக வாங்கி, எல்லாச் சுற்றும் ஒரே இடைவெளி வரும்படி இழுத்துப் போடுங்கள். திறந்த காயிலில் எப்போதும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அலுமினியப் பாத்திரம் காயிலைத் தொட்டால் பாத்திரத்திலும் கரண்ட் வரும். அந்த ரூம்களில் இருப்பவர்கள் நோயாளியைக் கவனிக்க வந்தவர்கள், ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டுக் கஞ்சி வைப்பவர்கள். பாத்திரத்தை எடுக்கும் முன்பு பிளக்கையே பிடுங்கிவிடச் சொல்லி, லாட்ஜ்காரர்கள் அவர்களுக்குப் புரிகிற பாஷையில் எழுதி ஒட்டி வைக்க வேண்டும்.

வாங்கும்போது ஒயரைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் கரண்ட் கடத்தும், ஸ்க்ரூ இணைப்பும் நாளடைவில் தளர்ந்துபோகும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் பி.வி.சி. ஒயர் மேலேயே அச்சாகியிருக்கும்.

எம்.சி.பி. (பாரம் கூடினால் தானே விழுகிற ஸ்விட்ச்) அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போடச் சொல்கிறவர்களுக்கு நான் போட்டுத் தருவதில்லை. அது சுவருக்குள் போகிற ஒயரைக் காப்பாற்ற வைத்தது.

வேலை முடிந்ததும் பச்சை எர்த் ஒயர் பாடியில் இறுக்கமாக இருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பிளக்கின் பெரிய பின்னுக்கும் ஹீட்டர் பாடிக்கும் நடுவில் மின்தடை பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். அப்புறம் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கி, ஒயரையும் பிளக்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் ஒயர் தடிமன் போதவில்லை, அல்லது பின் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிபார்த்த பிறகுதான் மறுபடி ஆன் செய்ய வேண்டும்.