மனு கொடுத்தும் வேலை நடக்கவில்லையா? உள்ளாட்சி முறைமன்ற நடுவரிடம் போகும் முன்

தெருவிளக்கு எரியவில்லை என்று பேரூராட்சி அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்துவிட்டார் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. கடைசியில் என்னிடம் வந்து, "இனி ஆருகிட்ட போய்ச் சொல்ல?" என்று கேட்டார்.

"மனு நகல் இருக்காக்கா?"

"வாயாலதான் சொன்னேன்."

நம் குமரி மாவட்டத்தில் பெரும்பாலான குறைகள் இந்த இடத்தில்தான் செத்துப்போகின்றன. வாயால் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. ஆதாரம் இல்லாவிட்டால் மேலே எந்தப் படியிலும் ஏற முடியாது.

மேலே இருக்கும் படிகளில் முக்கியமான ஒன்றைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அது தமிழ்நாடு உள்ளாட்சி முறைமன்ற நடுவம். 2014இல் சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின்படி அமைந்தது, தலைமையிடம் சென்னை. உள்ளாட்சி அமைப்புகளில் நடக்கும் ஊழல், நிர்வாகச் சீர்கேடு பற்றிய புகார்களை விசாரிப்பது இதன் வேலை. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் மேலும் புகார் கொடுக்கலாம், அதிகாரி, ஊழியர் மேலும் கொடுக்கலாம். எல்லை தாண்டி கேரளத்திலும் உள்ளாட்சிக்கென்று இதே மாதிரி ஓர் அமைப்பு உண்டு. பாறசாலைப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு 'ஓம்புட்ஸ்மேன்' என்ற பெயர் பழக்கமாக இருக்கும்.

குமரி மாவட்டத்துக்கு இது மிகவும் தேவை என்று நான் நினைக்கக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே பேரூராட்சிகள் அதிகமுள்ள மாவட்டம் இது. 50ஐ ஒட்டி இருக்கின்றன. 2019இல் மாநகராட்சியான நாகர்கோவிலும், குளச்சல், பத்மநாபபுரம், குழித்துறை, கொல்லங்கோடு ஆகிய நகராட்சிகளும் இவை தவிர. ஓடை, குடிநீர், குப்பை, விளக்கு, வீட்டு வரி, கட்டட அனுமதி என்று நம்மில் பெரும்பாலோரின் அன்றாடம் பேரூராட்சிச் செயல் அலுவலரின் மேசையைச் சுற்றித்தான் நடக்கிறது.

எது நடுவரிடம் போக வேண்டிய விஷயம் என்பதில்தான் குழப்பம். விளக்கு எரியவில்லை என்பது குறை. அதை அலுவலகத்தில் சொல்லலாம், முதல்வர் உதவி மையத்தின் எண்ணான 1100க்கு அழைக்கலாம், திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். விளக்கு வாங்கியதாகப் பில் போட்டுப் பணம் எடுத்தாயிற்று, கம்பத்தில் விளக்கே இல்லை என்றால் அது நடுவரிடம் போக வேண்டிய புகார். ஓடையில் மண் அடைத்திருப்பது குறை. தூர் வாரியதாகக் கணக்கு எழுதிவிட்டு மண்வெட்டியே படாமல் விட்டிருந்தால் புகார். விதிப்படி தர வேண்டிய அனுமதியைக் காரணம் எழுதாமல் மாதக்கணக்கில் கிடப்பில் போடுவதும், கையெழுத்துக்குக் காசு கேட்பதும் புகார்தான்.

இதை நிரூபிக்கத் தாள் வேண்டும். முதல் தாள் உங்கள் மனு. இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் தேதியோடு சீல் போட்டு வாங்குங்கள். "வச்சிட்டுப் போங்க, பாக்கலாம்" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள். சீல் போட மறுத்தால் அதே மனுவை விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம், 2005. பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பம் எழுதினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது. சான்றின் நகலை இணைக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, மழுப்பலாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் மசியவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையம்.

"ஏன் ரோடு போடவில்லை" என்று கேள்வி கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள். என் மனு மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்பின் நகல், அந்த வேலையின் எஸ்டிமேட், பணி ஆணை, பில், அலுவலகத்தில் எம்-புக் என்று சொல்லும் அளவீட்டுப் புத்தகத்தின் பக்கங்கள். எத்தனை மீட்டர் நீளம், என்ன கனம் என்று எழுதிப் பணம் கொடுத்தார்கள் என்பது எம்-புக்கில் இருக்கும். டேப்பைக் கொண்டு நீங்களே ரோட்டை அளந்து பார்க்கலாம். வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றோடு வாங்கவும்கூட இந்தச் சட்டத்தின் பிரிவு 2(j) நமக்கு உரிமை தருகிறது. மாதிரி கேட்டு விண்ணப்பம் போனால் அலுவலகம் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது.

இவ்வளவும் கையில் வந்தபிறகு நடுவருக்கு எழுதுவது எளிது. உங்கள் பெயர், முகவரி, கையெழுத்து வேண்டும்; மொட்டைக் கடிதம் வேண்டாம். எந்த உள்ளாட்சி, எந்த வேலை, எந்தத் தேதி, யார் பொறுப்பு என்பதை வரிசையாக எழுதி, நகல்களை இணைத்து அனுப்புங்கள். அசலை ஒருபோதும் அனுப்பாதீர்கள். வசை வேண்டாம், ஊர்ப் பகையை இழுக்க வேண்டாம். தேதியும் தொகையும் பேசட்டும். நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் விவகாரத்தை இங்கே கொண்டுபோகாதீர்கள். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. தவறு உறுதியானால் நடவடிக்கை எடுக்கும்படி அரசுக்குப் பரிந்துரைப்பார். மாதங்கள் ஆகலாம், அந்தப் பொறுமையோடுதான் இதில் இறங்க வேண்டும்.

கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. கிராம சபையில் வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். ஊராட்சிகளின் ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர்தான். தலைவர் மேல் நடவடிக்கை எடுக்க 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் பிரிவு 205 அவருக்கு இடம் தருகிறது.

அக்காவுக்கு மனுவை நான் எழுதிக் கொடுத்தேன், கம்பத்தின் எண்ணையும் சேர்த்து. சீல் விழுந்த நகல் இப்போது அவர் வீட்டு வரி ரசீதுகளோடு இருக்கிறது. விளக்கு வராவிட்டால் தகவல் விண்ணப்பம் போட வேண்டிய தேதியை அடுப்படிக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.