சனிக்கிழமைக் கணக்கில் விழுந்த ஞாயிற்றுக்கிழமை மீன்

கடலூர் முதுநகரில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருடைய பில் கணக்கையெல்லாம் கிளவுடில், அதாவது இணையம் வழியாக எட்டும் வெளியிடத்துக் கம்ப்யூட்டர்களில் ஏற்றி, எந்தக் கிழமையில் எவ்வளவு விற்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம்தான் பார்த்தார். "என்ன தம்பி, சனிக்கிழமைதான் அதிகமா ஓடுதுன்னு போட்டிருக்கு? ஞாயித்துக்கிழமைதானே ஊரே மீன் வாங்குது? அதுவும் புரட்டாசி சனிக்கிழமையில எவன் வாங்குவான்?"

நியாயமான கேள்வி. தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, கிழமைதான் பிசகியிருந்தது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், கடையில் இருக்கும் கணக்கு கிளவுடுக்கு எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம்.

அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பில் போடும் சாஃப்ட்வேர், அதற்கு அடியில் கணக்கைச் சேமித்து வைக்கும் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ். ரிலேஷனல் டேட்டாபேஸ் வகை. வியாபாரிகளுக்கு ஒரு அட்டவணை, மீன் வகைகளுக்கு ஒன்று, பில்களுக்கு ஒன்று. பில்லில் வியாபாரியின் பெயர் இருக்காது, அவருடைய எண் மட்டும் இருக்கும். பெயர் வேண்டுமென்றால் அந்த எண்ணை வைத்து அடுத்த அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும். 1970இல் ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் ஒரு கட்டுரையில் முன்வைத்த யோசனை இது. இன்றைக்கும் மளிகைக் கடையிலிருந்து வங்கி வரை அதில்தான் ஓடுகிறது.

இந்த டேட்டாபேஸ் ஒரு பில்லின் நேரம், மீன், எடை, விலை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைக்கும், பில் புக்கில் ஒரு தாள் மாதிரி. ஏலம் நடக்கும்போது இதுதான் சௌகரியம். பெட்டி கைமாறியதும் ஒரு வரி எழுத வேண்டும். தப்பானால் அந்த வரியை மட்டும் திருத்த வேண்டும். ஆனால் "மூன்று வருடமாக வஞ்சிரத்தின் சராசரி விலை மாதாமாதம் எப்படி ஏறி இறங்கியது?" என்று கேட்டால், புத்தகம் முழுவதையும் புரட்டியாக வேண்டும். அதுவரை பில் போடுகிற பையன் எண்டரைத் தட்டிவிட்டுக் காத்திருப்பான்.

பிக்குவெரி, ஸ்னோஃபிளேக், ரெட்ஷிஃப்ட் போன்ற கிளவுட் தளங்கள் இதே பில் புக்கை நெடுக்குவாட்டில் கிழித்து அடுக்குகின்றன. விலையெல்லாம் ஒரு கட்டு, எடையெல்லாம் ஒரு கட்டு, மீன் பெயரெல்லாம் ஒரு கட்டு. சராசரி விலைக்குத் தேதி, மீன், விலை ஆகிய மூன்று கட்டுகளைப் பிரித்தால் போதும். ஒரு கட்டில் சங்கரா என்றே நாற்பது முறை தொடர்ந்து வந்தால், "சங்கரா, 40" என்று சுருக்கியும் வைக்கலாம். ஆனால் ஒரே ஒரு பில்லைத் திருத்தச் சொன்னால் திணறும். ஆக, கடையில் ஒன்று எழுதுகிறது, கிளவுடில் ஒன்று கணக்குப் பார்க்கிறது, இரண்டும் வேண்டும். 'கனெக்ட் பண்ணுவது' என்றால் பெரும்பாலும் நடுவே நின்று நகல் எடுத்து அனுப்புவதுதான்.

வழி போடுவதில் பெரிய வித்தை இல்லை. மைஎஸ்க்யூஎல் வழக்கமாக 3306 என்ற போர்ட்டில், அதாவது கம்ப்யூட்டரின் அந்த எண்ணுள்ள வாசலில், பதில் சொல்லும். அதை இணையத்துக்குத் திறந்துவிடுவது, ராத்திரி மீன் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது மாதிரி. பூனை வராமல் இருக்காது. அதனால் கடைக் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்ன புரோகிராம். அது உள்ளேயிருந்து வெளியே பேசும், வெளியிலிருந்து யாரும் உள்ளே நுழைய முடியாது. அதற்குத் தனி யூசர், படிக்க மட்டும் உரிமை.

முதல் நாள் எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளி அனுப்பியாயிற்று. மறுநாளிலிருந்து மாறியதை மட்டும் அனுப்ப வேண்டும். எது மாறியது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு வரியிலும் கடைசியாகத் திருத்திய நேரம் பதிவாகியிருந்தது. நேற்று விட்ட நேரத்துக்கு அப்புறம் உள்ளதை எடுத்தால் சரி என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் கிளவுட் கணக்கு கடைக் கணக்கைவிட அதிகமாகிவிட்டது! பேரம் முறிந்து திரும்பி வந்த பெட்டிகளின் பில்லைப் பையன் அழித்துவிடுகிறான். அழிந்துபோன வரிக்குத் திருத்திய நேரம் ஏது? கடையில் செத்த பில் கிளவுடில் உயிரோடு இருந்தது.

இதற்கு மருந்து மைஎஸ்க்யூஎல்லிடமே இருக்கிறது. சேர்த்தது, திருத்தியது, அழித்தது எல்லாவற்றையும் நடந்த வரிசையில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போகும். பின்லாக் என்று பேர். இன்னொரு சர்வருக்கு நகல் அனுப்பவும், கோளாறு வந்தால் மீட்கவும் வைத்த ஏற்பாடு அது. நம் புரோகிராமுக்குக் கூடுதலாக ஒரு அனுமதி கொடுத்தால் அதைப் படித்து, எந்தக் கோப்பில் எந்த இடம் வரை படித்தோம் என்று அடையாளம் வைத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில சமயம் ஒரே மாற்றம் இரண்டு முறை போய்விடும். பில் எண்ணைப் பார்த்து அதன் மேலேயே எழுதச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கூடை மீன் இரண்டு கூடையாகிவிடும்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். ஏலம் நடப்பது விடியற்காலை. கிளவுடில் நேரம் இருந்தது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில், அதாவது நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஞாயிறு காலை 4 மணிக்குப் போட்ட பில், அங்கே சனி இரவு 10:30. புதுச்சேரி நேரு வீதியில் காலை 10 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்தும் துணிக்கடையாக இருந்திருந்தால் இந்தத் தப்பு வெளியே தெரிந்தே இருக்காது. அதன் விற்பனை நேரம் முழுவதும் யுடிசியிலும் அதே தேதிக்குள் அடங்கிவிடும். சேமித்த நேரத்தில் கை வைக்கவில்லை. தேதி பிரிக்கும் இடத்தில் இந்திய நேரத்தைக் குறிக்கும் 'ஏசியா/கொல்கத்தா' என்று ஒரு சொல் சேர்த்ததும் மீன் ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பிவிட்டது.

அப்புறம் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஏலமே இல்லாதபோது வீண் செலவு எதற்கு என்று புரோகிராமை நிறுத்தச் சொன்னார். நானும் யோசிக்காமல் நிறுத்தினேன். ஆனால் பழைய பாக்கி வசூல் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. படகுகள் கிளம்பியதும் மறுபடி ஓட்டினால், அடையாளம் வைத்திருந்த கோப்பையே காணோம். மைஎஸ்க்யூஎல் 8, நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், பின்லாகை 30 நாள்தான் வைத்திருக்கும். திரும்பவும் முதலிலிருந்து எல்லாவற்றையும் அள்ள வேண்டியதாயிற்று.

இப்போது 90 நாள் என்று போட்டிருக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கில் கொஞ்சம் கூடுதலாக இடம் பிடிக்கும், பிடிக்கட்டும்.