எலிக்கு வைக்கும் மருந்து யார் வயிற்றுக்குப் போகிறது?

தாம்பரம், மேடவாக்கம், பெரும்பாக்கம், நாவலூர் என்று சென்னையின் தெற்குப் புறநகர் முழுக்க வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பூச்சி மருந்து அடிப்பதுதான் என் தொழில். போனை எடுத்ததும் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் இதுதான்: "சார், கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஏதாவது அடிங்க." போய்ப் பார்த்தால் அந்த வீட்டுக்குத் தேவை மருந்து இல்லை, ஒரு கொத்தனார். என் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் பேச்சுதான் இது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பக்கமெல்லாம் ஏரியும் வயலுமாக இருந்த இடம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதன் கரையை ஒட்டியே நம் கட்டடங்கள் நிற்கின்றன. சாரை, நீர்க்கோலி, கீரி, உடும்பு, மரநாய், கூகை எல்லாம் இந்த மண்ணில் முன்பிருந்தே இருப்பவை. எலி, கரப்பான், புறா போன்றவை நம் குப்பையையும் சாக்கடையையும் நம்பிப் பெருகியவை. இந்த இரண்டாவது கூட்டத்துக்கென்று வைக்கும் மருந்து முதல் கூட்டத்தையும் சேர்த்துக் கொல்கிறது. சில சமயம் வீட்டில் இருப்பவர்களையும்.

எலியிலிருந்தே தொடங்குகிறேன். ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் பெருச்சாளியின் வளைக்குள் தண்ணீர் புகும். அது மேடு தேடி காம்பவுண்டுக்குள் வரும். பார்க்கிங்கில் பேவர் பிளாக் ஒரு பக்கம் உள்வாங்கி, பக்கத்தில் ஈர மண் குவிந்திருந்தால் அது பெருச்சாளி வேலை. வீட்டுக்குள் தொல்லை கொடுப்பது இன்னொரு ஜாதி: மெலிந்த உடல், உடம்பைவிட நீளமான வால், பைப்பிலும் கேபிளிலும் சரசரவென்று மூன்றாம் மாடி வரை ஏறிவிடும்.

அது நுழையும் வழியை உங்கள் படுக்கையறையிலேயே காட்டுகிறேன். ஏசி மாட்ட வருபவர் சுவரில் பெரிய துளை போட்டு, செப்புக் குழாய், வயர், தண்ணீர் பைப் எல்லாவற்றையும் அதில் விட்டு, மிச்ச இடத்தில் வெள்ளைப் புட்டியை அப்பிவிட்டுப் போவார். இரண்டு கோடை கண்டதும் புட்டி காய்ந்து சுருங்கி விலகும். அந்த விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பாக ஒரு பிசுக்கு படிந்திருந்தால், எலி தன் உடம்பை உரசிக்கொண்டு போய்வருகிறது என்று அர்த்தம். கீழே அரை அங்குல நீளத்தில், இரு முனையும் கூர்ந்த புழுக்கை கிடக்கும். பென்சில் நுழையும் இடைவெளி சுண்டெலிக்குப் போதும். பெரிய எலிக்கு அரை அங்குலம் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். சிங்க்குக்கு அடியில் பைப் சுவருக்குள் போகும் இடம், வாஷிங் மெஷின் அவுட்லெட், மூடி இல்லாத தரை ஜல்லடை, பின்கதவின் அடி என்று ஒரு வீட்டில் இப்படி நாலைந்து வழிகளாவது இருக்கும்.

அடைப்பது சிரமமே இல்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இறுக்கித் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள். ஃபோம் ஸ்ப்ரே மட்டும் அடித்தால் எலி அதை ஒரே ராத்திரியில் கடித்துத் துப்பிவிடும். அப்புறம், சுவரில் செருகினால் எலியை விரட்டும் என்று விற்கிறார்களே, அந்த ஒலிக்கருவிக்குக் காசைக் கொட்டாதீர்கள். சில நாளில் எலிக்குப் பழகிவிடும். அதன் மேலேயே எலி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே மாட்டிக்கொண்ட எலிக்குப் பொறிதான். எலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம். அதனால் முதல் மூன்று நான்கு நாள் பொறியைப் பூட்டாமல் மசால்வடையையோ கருவாட்டுத் துண்டையோ வைத்துத் தின்னப் பழக்குங்கள், பிறகு பூட்டுங்கள். வைக்கும் இடமும் முக்கியம். எலி நடு ஹாலில் ஓடாது, சுவரை ஒட்டித்தான் ஓடும். செத்த எலியையும் புழுக்கையையும் வெறுங்கையால் தொட வேண்டாம். ப்ளீச்சிங் கரைசல் தெளித்து ஈரமாக்கி, கையுறை போட்டு எடுங்கள். எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்தாலே எலிக்காய்ச்சல் வரலாம்.

இனி மருந்து விஷயம். கடைகளில் 'எலி மருந்து' என்று ஒரே பெயரில் கேட்டு வாங்குகிறோம். உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றல்ல, ஆபத்தும் ஒரே மாதிரி இல்லை.

பேஸ்ட்டாக வரும் மஞ்சள் பாஸ்பரஸ்தான் இவற்றில் மோசமானது. தமிழ்நாட்டில் இதை விற்கத் தடை இருக்கிறது. இருந்தும் ஏதாவது ஒரு கடையில் கிடைத்துவிடுகிறது. குழந்தை அதை நக்கிவிட்டால் முதல் நாள் வாந்தி எடுக்கும். அடுத்த ஒன்றிரண்டு நாள் நன்றாக விளையாடிக்கொண்டுகூட இருக்கும். சரி, தப்பித்தது என்று நினைக்கும்போது கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. நன்றாக இருக்கிற பிள்ளையை எதற்கு ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று வீட்டில் வைத்துக்கொள்வதுதான் இதில் உயிரைக் குடிப்பது.

அடுத்தது பாஸ்பைடு வகை. துத்தநாக பாஸ்பைடு, அலுமினியம் பாஸ்பைடு இரண்டுமே ஈரமோ வயிற்று அமிலமோ பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். அலுமினியம் பாஸ்பைடை வீட்டு உபயோகத்துக்கு விற்கவே கூடாது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில், ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு சிறு குழந்தைகள் இறந்துபோனது நினைவிருக்கும். மருந்து வைத்துவிட்டுப் போனது என்னைப் போல இதே தொழில் செய்பவர்கள்தான். மனிதர் தூங்கும் அறையில், அதுவும் ஜன்னல் சாத்திய ஏசி அறையில், எந்த எலி மருந்தும் வைக்கக் கூடாது. யார் வந்து 'ஒண்ணும் ஆகாது சார்' என்று சொன்னாலும்.

மூன்றாவது, நீலம் சிவப்பு நிறங்களில் கேக்காக வரும் ப்ரோமாடையலோன். 0.005 சதவீதம்தான் மருந்து, மிச்சம் தீனி. தின்ற எலிக்கு ரத்தம் உறையாமல் போய், உள்ளுக்குள் கசிந்து, சில நாள் கழித்துச் சாகும். 'தின்ன எலி தண்ணி தேடி வெளியே போய்ச் செத்துடும்' என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். பாதி எலி ஃபால்ஸ் சீலிங்கிலும் பரணிலும்தான் சாகும். ஒரு வாரம் நாறும். இந்த வகைக்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருப்பதால் மற்ற இரண்டையும்விடப் பரவாயில்லை. நானும் இதைப் பயன்படுத்துகிறேன், ஆனால் காம்பவுண்டுக்கு வெளிப்பக்கம், பூட்டிய பெட்டிக்குள், பெட்டியைத் தரையோடு பிணைத்து மட்டும்.

அந்தச் சில நாள் இடைவெளியில்தான் வேறொன்று நடக்கிறது. மருந்து தின்ற எலி தள்ளாடித் தள்ளாடி, பட்டப்பகலில்கூடத் திறந்த இடத்தில் நடக்கும். தெருப்பூனைக்கும் சாரைக்கும் கூகைக்கும் அதைவிட எளிதான இரை கிடையாது. மருந்து அப்படியே அவற்றின் வயிற்றுக்குப் போகும்.

கூகையைப் பற்றி ஒன்று. மேடவாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடியில், பைப் போகும் டக்ட்டுக்குள் ராத்திரியானால் பேய் மூச்சு விடுகிறது என்று அசோசியேஷன் செயலாளர் கூப்பிட்டார். நாலாம் மாடித் திட்டில் வெள்ளை முகத்தோடு மூன்று கூகைக் குஞ்சுகள். பசித்தால் அவை 'ஹ்ஸ்ஸ்' என்று சீறும், அதுதான் பேய். திட்டுக்குக் கீழே கட்டைவிரல் பருமனில், கறுப்பாக, காய்ந்த உருண்டைகள் கிடந்தன. எச்சமில்லை, செரிக்காததை ஆந்தை வாய்வழியே கக்கிய உருண்டைகள். ஒன்றைப் பிய்த்துக் காட்டினேன்: எலி மயிருக்குள் முழுசாக ஒரு மண்டையோடு, ஆரஞ்சு நிற முன்பற்களோடு இரண்டு தாடை எலும்பு. சம்பளம் வாங்காமல் எலி பிடிக்க ஆள் இருக்கும்போது என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஆந்தை அபசகுனம் என்று இரண்டு வீட்டார் முனகினார்கள். குஞ்சுகள் பறந்து போகும் வரை டக்ட்டைத் தொடுவதில்லை, கேக்கும் வைப்பதில்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

மூஞ்சூறுக்கும் இதே கதிதான். நீண்ட மூக்கு, பொடிக் கண், 'கிச் கிச்' என்று சத்தம் போட்டபடி சுவரோரம் ஓடும், நாற்றமும் உண்டு. எலி இனமே கிடையாது. கரப்பானையும் பூச்சியையும் தின்கிறது. வயரைக் கடிக்காது, அரிசி மூட்டையை ஓட்டையாக்காது. பிள்ளையாருக்கு வாகனமாக வைத்துக் கும்பிட்டுவிட்டு, சமையலறையில் பசை அட்டையில் ஒட்டவைத்துச் சாகடிக்கிறோம். பசை அட்டை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. எலி அதில் மணிக்கணக்கில் கதறிச் சாகும். கூடவே பல்லி, அணில், சின்னப் பாம்புகள் எல்லாம் ஒட்டும். ஒட்டியதைப் பிய்த்து இழுக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். சமையல் எண்ணெயை ஊற்றினால் பசை இளகும். ஒட்டியிருப்பது பாம்பு என்றால் அதையும் செய்ய வேண்டாம், பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பாம்புக்கு வந்துவிட்டோம். வாசலில் சிறியாநங்கைச் செடி, காம்பவுண்டைச் சுற்றி ஃபினாயில், பூண்டுக் கரைசல் என்று எல்லாம் செய்துவிட்டு, பின்பக்கம் உடைந்த செங்கல்லையும் காய்ந்த தென்னை மட்டையையும் குவித்து வைத்திருப்பார்கள். பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும், ஒளிந்துகொள்ள இடத்துக்கும். இவை இருக்கும் வரை எந்தச் செடியும் அதைத் தடுக்காது. குவியலை அகற்றுங்கள், செடிகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள், செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கு வலை கட்டுங்கள், கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். எலி போனால் பாம்புக்கு அங்கே வேலை இல்லை.

நான் போய்ப் பார்க்கும் 'நல்ல பாம்பு' நிறைய முறை சாரையாக இருக்கும். 'கட்டுவிரியன்' என்று அலறுவது விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனாக இருக்கும். அதற்காக நீங்களே கிட்டே போய் வரி எண்ணிப் பார்க்க வேண்டாம். மற்ற அறைக் கதவுகளைச் சாத்தி, அடியில் துண்டை அடைத்து, தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பாருங்கள். வனத்துறைக்கோ 112-க்கோ போன் போடுங்கள். மண்ணெண்ணெயோ ஃபினாயிலோ ஊற்றினால் பாம்பு மிரண்டு கட்டிலடிக்கும் பீரோ இடுக்குக்கும்தான் ஓடும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி இவற்றைக் கொல்வது குற்றம் என்பதும் இருக்கிறது.

கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கை காலை அசைக்காமல் வைத்து, மோதிரம் கொலுசைக் கழற்றி, 108-ல் நேரே அரசு மருத்துவமனை. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை, ஏனென்றால் இங்கே கொடுக்கும் மருந்து ஒன்றே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொருந்தும். அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவைப்படும் பாம்பு விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும், பாம்பு பிடிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978-ல் தொடங்கிய சங்கம் அது. இன்னொன்று: கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்தது பல சமயம் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை கனத்துத் திறக்க முடியவில்லை என்றால் வாய்வுக் கோளாறு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டாலே பெரிய பாதுகாப்பு.

மலைத்தேனீ எட்டாம் மாடி சன்ஷேடில் அடை கட்டினால் பதற வேண்டாம். இடம் பெயரும் ஜாதி அது, சில மாதத்தில் தானே போய்விடும். ராத்திரி பால்கனி விளக்கை அணைத்து வையுங்கள். வெளிச்சத்துக்கு வந்து விழுந்து கிடப்பதை வெறுங்காலால் மிதித்தாலும் கொட்டும். பரண் மேல் நள்ளிரவில் தடதடவென்று ஓடுவது மரநாயாக இருக்கலாம். குட்டி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அது இரை தேடி வெளியே போன நேரத்தில் வழியை அடையுங்கள். குட்டி இருந்தால் சில வாரம் பொறுங்கள். கரப்பானுக்கு ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், வாடை பட்டால் ஜெல்லைத் தின்ன வராது. கொசுவுக்குப் புகை அடிப்பது பறப்பதை மட்டும்தான் கொல்லும். டெங்கு கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால் சம்ப் மூடியையும் ஃபிரிட்ஜ் பின்தட்டையும் வாரம் ஒருமுறை பார்ப்பது புகையைவிட மேல்.

என்னைப் போல ஒருவரைக் கூப்பிடத்தான் போகிறீர்கள் என்றால், வாசலிலேயே கேளுங்கள்: லைசென்ஸ் இருக்கிறதா, என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும், நாயும் மீன் தொட்டியும் இருந்தால் என்ன செய்வது. லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மருந்தின் பெயரும் அளவும் பில்லில் இருக்க வேண்டும். லேபிளை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; ஏதாவது ஆகிவிட்டால் டூட்டி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.