பட்டாளத்துத் தாத்தாவுக்குப் பென்ஷன் இல்லை. பாட்டிக்கு மாதம் 8,000 ரூபாய் உண்டு

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-1919 என்று குறித்த முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனதாகவும், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்ததாகவும் அதில் பொறித்திருக்கிறார்கள். அடுத்த உலகப் போருக்கும் வட ஆற்காட்டிலிருந்து ஆட்கள் போனார்கள். பட்டாளத்துக்குப் போகாத வீடே இல்லை என்பதால் வேலூருக்குப் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயராகிவிட்டது. அந்த இரண்டாம் போருக்குப் போய்வந்தவர்களில் பலருக்குப் பென்ஷன் கிடையாது. அவர்களுக்கும் அவர்களுடைய மனைவிமாருக்கும் அரசு மாதாமாதம் கொடுக்கும் உதவியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

என் தாத்தா 1943-ல் சேர்ந்தார். பர்மா, அப்புறம் மலாயா. 1945 ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் பணிந்து, அடுத்த மாதம் மலாயாவில் இறங்கியதும், சீக்கிரமே ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்து, கிளாங் கடைத்தெருவில் ஒரு தகரப்பெட்டி வாங்கினாராம். ஏழு மாதம் அந்தப் பெட்டி கட்டிலுக்கடியில் காலியாகக் கிடந்தது. கப்பல் போதவில்லை. எல்லா நாட்டுப் படைகளும் ஒரே சமயத்தில் வீடு திரும்பப் பார்த்தன. அதோடு, பிடித்த இடங்களில் காவலுக்கும் ஆள் வேண்டியிருந்தது. ஜாவாவில் நம் படைகள் 1946 நவம்பர் வரை இருந்தன. ஜப்பானுக்குக் காவலுக்குப் போனவர்கள் 1947-ல்தான் திரும்பினார்கள். விடுவிப்பு தாமதமானதால், 1946 ஜனவரியில் கராச்சியில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படைக்காரர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். தாத்தா காட்பாடியில் ரயில் இறங்கியபோது, வீட்டில் அவர் இறந்துவிட்டதாகவே முடிவு கட்டியிருந்தார்கள்.

சரி, பென்ஷன் ஏன் இல்லை? சிப்பாய், நாயக், ஹவில்தார் போன்ற பதவிகளில் இருந்தவர்களுக்கு ஓய்வூதியம் வேண்டுமானால் 15 ஆண்டு பணி இருக்க வேண்டும். போருக்காகச் சேர்த்த ஆட்களைப் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு பணியோடு, கையில் ஒரு சிறு தொகையும், பணியிலிருந்து விடுவித்ததைக் காட்டும் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகமும். அவ்வளவுதான். அவர்கள் விலகி வந்தவர்கள் இல்லை, வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர்கள். இந்த உதவியைத் தர்மம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

இப்போது உதவிக்கு வருவோம். டெல்லியில் உள்ள மத்திய முப்படை வீரர் வாரியம், அதாவது கேந்திரிய சைனிக் போர்டு, கொடுப்பது இது. அலுவலகங்களில் இதைப் பெனூரி கிராண்ட் என்பார்கள். வறுமை உதவித்தொகை என்று பொருள். வயது 65-க்கு மேல் இருக்க வேண்டும். ராணுவ ஓய்வூதியம் வாங்கக் கூடாது. வேறு நிலையான வருமானம் இருக்கக் கூடாது. பதவி ஹவில்தார் அல்லது அதற்குக் கீழ். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவராக இருக்கக் கூடாது. முன்னாள் வீரர் இல்லை என்றால் அவருடைய விதவை மனைவி வாங்கலாம். மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 அக்டோபரில் 8,000 ஆக்கினார்கள். 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்குப் புதிய தொகை. பணம் கொடிநாள் நிதியிலிருந்து வருகிறது. டிசம்பர் 7-ல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தச் சின்னக் கொடியின் காசு போய்ச் சேரும் இடங்களில் இதுவும் ஒன்று.

உலகப் போருக்கு மட்டுமான திட்டமில்லை இது. பின்னாளில் சேர்ந்து 15 ஆண்டு முடிக்காமல் வந்தவர்களும் கேட்கலாம். ஆனால் 1945-ல் 18 வயதில் சேர்ந்தவருக்கே இப்போது வயது நூறை நெருங்கியிருக்கும். உயிரோடு இருப்பவர்கள் பெரும்பாலும் பாட்டிகள்தான். தள்ளிப்போட நேரமில்லை.

இதைத் தவிர, இரண்டாம் உலகப் போரில் இருந்து ஓய்வூதியம் பெறாதவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு தனியாக மாத உதவி தருகிறது. உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள். வேறு உதவி ஏதும் வாங்கினால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருத்துவத்துக்கு, ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் உலகப் போர் வீரர்களையும் 2019 மார்ச்சில் சேர்த்தார்கள். வேலூரிலேயே அதற்கு ஒரு பாலிகிளினிக் இருக்கிறது.

விண்ணப்பத்தை வாரியத்தின் இணையதளத்தில் போட வேண்டும். கம்ப்யூட்டர் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை உட்கார வையுங்கள். மாவட்ட அலுவலகம் சரிபார்த்துப் பரிந்துரைத்தால்தான் கோப்பு மேலே போகும், ஆகவே முதலில் அங்கே போய் முன்னாள் வீரர் அல்லது விதவை அடையாள அட்டை வாங்கிவிடுவது நல்லது. ஆதார், வங்கிப் புத்தகம், வயதுச் சான்று, கணவரின் இறப்புச் சான்று இவையெல்லாம் தெரிந்தவைதான்.

சிக்கல் டிஸ்சார்ஜ் புத்தகத்தில்தான் வரும். ஆங்கில குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அதில் இருக்கும். எங்கள் தாத்தா பெயரும் ஊரும் அதில் வேறு மாதிரி இருந்தன, ஆதாரில் பாட்டியின் பெயரோடு ஒட்டியிருந்த கணவர் பெயர் இன்னொரு மாதிரி. ஓர் அலுவலகத்தில் இதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் சான்று வாங்கி இணைத்தோம். நான்கு முறை நடந்தோம். நடக்கத்தான் வேண்டியிருக்கிறது, அலுத்துப்போய் விட்டுவிடாதீர்கள்.

புத்தகமே தொலைந்திருந்தால்? படை எண் ஒன்று கிடைத்தால் போதும், தேட வழி பிறக்கும். தாத்தாவின் மெடல் இருக்கிறதா பாருங்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்த மெடல்களில் விளிம்பிலோ பின்புறத்திலோ எண்ணும் பெயரும் வெட்டியிருக்கலாம். பழைய மணியார்டர் ரசீது, பட்டாளத்திலிருந்து வந்த கடிதத்தின் உறை, எதிலாவது அந்த எண் இருக்கலாம். அதை வைத்து அந்தந்தப் படையின் ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக். கடிதத்தை மாவட்ட அலுவலகம் வழியாக அனுப்பினால் பதில் வர வாய்ப்பு கூடும்.

உதவி கிடைத்த பிறகு ஆண்டுதோறும் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். பாட்டியால் நடக்க முடியாவிட்டால் முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லி வையுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் கிடைத்தது கிளாங்கில் வாங்கிய அதே தகரப்பெட்டியில், பாட்டியின் கூரைப்புடவைக்கு அடியில். பூட்டு துருப்பிடித்திருந்ததால் உடைத்துத்தான் திறந்தோம்.