காணாமல் போனவர்களுக்காக மண்டபத்திலிருந்து மனுப் போடலாமா?

ராமேஸ்வரம் அருகே மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் ஓர் அம்மா பாலித்தீன் பை ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். ஈரம் படாமல் இருக்க இரண்டு சுற்றுச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். உள்ளே மகனின் பாஸ்போர்ட் அளவுப் படம், செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த துண்டுச்சீட்டு, மடிப்பெல்லாம் கிழிந்துபோன போலீஸ் முறைப்பாடு (புகார்). 2022-இல் இலங்கையில் விலைவாசி தாங்காமல் படகேறி, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அந்தப்பக்க மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர்களில் இந்த அம்மாவும் ஒருவர். படகில் அவர் கொண்டுவந்த சாமான் அதிகமில்லை, இந்தப் பை மட்டும் மடியிலேயே இருந்ததாம். போர் முடிந்த நாட்களில், முல்லைத்தீவுப் பக்கம் வட்டுவாகலில் மகனை இலங்கை ராணுவத்திடம் ஒப்படைத்ததை அவர் சொன்னார்:

"2009 மே மாசம் வட்டுவாகலிலை நானே கையிலை பிடிச்சுக் கொண்டுபோய் ஆமியிட்டைக் குடுத்தனான். செத்துப்போனான் எண்டு கையெழுத்து வைக்கச் சொல்லுகினம். நான் வைக்க மாட்டன். வேற வழி இருக்கோ தம்பி?"

இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி முகாமில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

முதலில் அந்தக் கையெழுத்து. காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று இலங்கையில் இன்று கட்டாயம் இல்லை. 2010-இல் வந்த தற்காலிகச் சட்டத்தில் மரணப் பதிவு மட்டும்தான் இருந்தது. 2016-இல் அதைத் திருத்தி, 'இவர் காணப்படவில்லை' என்று மட்டும் சொல்லும் தனிச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது ஆள் இறந்துவிட்டதாகச் சொல்லாது. ஆனால் காணாமல் போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளவும், பிள்ளைகளுக்குப் பாதுகாவலராக இருக்கவும், அரசு உதவி கேட்கவும் அந்தக் காகிதம் போதும். இலங்கையின் வடக்கே வன்னியில் மகன் பெயரில் காணி (நிலம்) இருந்து, ஆவணம் இல்லாமல் அதைத் தொட முடியாமல் நிற்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இதைப் பெறப் பொதுவாக நாட வேண்டிய இடம் காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம். 2016-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது இது. 2018 பிப்ரவரியில்தான் ஆணையாளர்களை நியமித்தார்கள். இந்த அலுவலகம் தரும் அறிக்கையை வைத்துப் பதிவாளர் சான்றிதழ் கொடுப்பார். யாழ்ப்பாணம், மாத்தறை போன்ற ஊர்களில் கிளைகள் உண்டு. நமக்கு நேரெதிரே மன்னாரிலும் ஒன்று இருக்கிறது.

சரி, இங்கே இருந்துகொண்டு மனுப் போட முடியுமா? முடியும். உறவினர்தான் வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உறவினர், வேறு யாராவது ஒருவர், ஓர் அமைப்பு என யார் வேண்டுமானாலும் முறைப்பாடு கொடுக்கலாம். எந்த ஆண்டில் காணாமல் போனார் என்பதற்கும் வரம்பு இல்லை. மன்னாரிலோ கிளிநொச்சியிலோ உள்ள தங்கையோ மருமகனோ உங்களுக்காகக் கொடுக்கலாம். காணி விவகாரமும் சேர்ந்திருந்தால், உங்கள் சார்பில் செயல்பட அவர்களுக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்புவது நல்லது. முகாம் முகவரியை இலங்கை அரசிடம் கொடுக்கப் பயமாக இருந்தாலும் உறவினர் வழியாகப் போகலாம். அந்தப் பயம் நியாயமானதுதான், யாரும் அதைக் குறை சொல்லக் கூடாது.

ராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இயக்கம் (விடுதலைப் புலிகள்) பிடித்துக்கொண்டு போய்த் திரும்பாத பிள்ளைக்கும் மனுப் போடலாம். போர்முனையில் காணாமல் போன சிங்களச் சிப்பாயின் தாயும் இதே கதவைத்தான் தட்டுகிறார்.

அப்புறம், கசப்பான விஷயம் ஒன்று. இந்த அலுவலகம் யாரையும் கூண்டில் ஏற்றாது. அது கண்டுபிடிக்கும் எதுவும் குற்றவியல் பொறுப்பையோ உரிமையியல் பொறுப்பையோ உண்டாக்காது என்று சட்டத்தின் 13-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2017 தொடக்கத்திலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார் இந்த அலுவலகத்தை ஏற்க மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2022-இல் இந்தச் சான்றிதழ் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தரலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தபோது, பிள்ளைக்கு விலையா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். அதே நேரம், காணிக்காகவும் பேரப்பிள்ளையின் படிப்புக்காகவும் சான்றிதழ் வாங்குகிற அம்மா தோற்றுப்போனவர் அல்ல. அந்தக் காகிதத்தை வாங்கினால் நீதி கேட்கும் உரிமை போய்விடாது.

அந்த நீதி எங்கே கேட்கப்படுகிறது? ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2021 மார்ச்சில் 46/1 என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. 22 நாடுகள் ஆதரவு, 11 எதிர்ப்பு. ஒதுங்கி நின்ற 14 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்தத் தீர்மானப்படி ஜெனீவாவில் மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்தில் ஒரு குழு, இலங்கையில் நடந்த குற்றங்களுக்கான சாட்சியங்களைச் சேகரித்து, ஆராய்ந்து, பாதுகாக்கிறது. 2025 அக்டோபரில் அதன் காலத்தை மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தார்கள். இது நீதிமன்றம் அல்ல. நாளைக்கு ஏதாவது ஒரு நாட்டின் நீதிமன்றம் வழக்கை எடுத்தால் கொடுப்பதற்காகச் சாட்சியத்தைக் காத்து வைக்கும் இடம். தகவல் கொடுப்பவர் சம்மதம் இல்லாமல் பெயரை வெளியே தரக் கூடாது என்பது அங்கே விதி.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு ஏன் நேராகப் போக முடியவில்லை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. இலங்கை தானாக ஒப்புக்கொள்ளாதவரை, பொதுவாக ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பினால்தான் வழி, அங்கே ஒரு வல்லரசே தடுத்துவிடக்கூடிய வீட்டோ இருக்கிறது. இனப்படுகொலை உடன்படிக்கையில் இலங்கை 1950-லேயே சேர்ந்துவிட்டது. ஆனால் அதன் கீழ், நாடுகளுக்கிடையேயான வழக்குகளை விசாரிக்கும் உலக நீதிமன்றத்துக்குப் போக இன்னொரு நாடு வழக்குத் தொடர வேண்டும், இதுவரை எந்த நாடும் தொடரவில்லை. ஓர் இனத்தை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்தது என்று நிரூபிப்பதும் அந்தச் சட்டத்தில் கடினமான பகுதி. வட மாகாண சபை 2015-இல் இனப்படுகொலை என்றே தீர்மானம் போட்டது. கனடா நாடாளுமன்றம் 2022-இல் மே 18-ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்றது. இவை அரசியல் அங்கீகாரம், தீர்ப்பு அல்ல. ஆனால் வலிந்து காணாமல் ஆக்குவது பரவலாகவோ திட்டமிட்டோ நடந்தால், அது மனித குலத்துக்கு எதிரான குற்றம். ஆள் எங்கே என்று தெரியும்வரை அந்தக் குற்றம் தொடர்ந்து நடந்துகொண்டிருப்பதாகவே சட்டம் பார்க்கிறது. 'பழைய கதை' என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எங்கே கொடுப்பதானாலும் எழுதி வைப்பது முக்கியம். முழுப் பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை எண், கடைசியாகப் பார்த்த இடம், நாள், கூட நின்றவர்கள், அழைத்துப் போனவர்களின் சீருடை, வாகனம். ஏற்கெனவே போலீசிலோ செஞ்சிலுவையிலோ அரசு விசாரணை ஆணைக்குழுவிலோ கொடுத்திருந்தால் அந்த எண்கள். பலர் விட்டுவிடுவது உடம்பையும் உடையையும் பற்றிய விவரம். யாழ்ப்பாணம் செம்மணியில் மனிதப் புதைகுழியை 2025-இல் தோண்டியபோது 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. கூடவே ஒரு நீலப் பள்ளிக்கூடப் பை, ஒரு பொம்மை. ஆகஸ்டில் அந்தப் பொருட்களை மக்கள் பார்த்து அடையாளம் காட்டுவதற்காகப் பரப்பி வைத்தார்கள். உடைந்து கூடிய எலும்பு, விழுந்த பல், சட்டையின் நிறம் எல்லாம் எழுத வேண்டும்.

மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். சாட்சியம் எடுக்கிறோம் என்று வருகிறவர் எந்த அமைப்பு, எங்கே கொடுக்கப் போகிறார் என்று கேட்காமல் வாய் திறக்க வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு நான் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். உடை என்ற இடம் வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பச்சைக் கோடு போட்ட சாரம் தம்பி. இடது முழங்காலிலை தையல் தழும்பு, ஏழு வயசிலை சைக்கிளாலை விழுந்தவன். அதையும் எழுதும்."