விளக்கப்படம் படிக்கக் கற்பது தொடக்கப் பள்ளிக் குழந்தையின் உரிமை

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிக் கணக்குப் பாடத்தில் ‘தகவல் செயலாக்கம்’ என்ற பகுதி உண்டு. தகவலைத் திரட்டுவது, நேர்கோட்டுக் குறிகளால் எண்ணுவது, பட விளக்கப்படமாகவும் பட்டை விளக்கப்படமாகவும் காட்டுவது, காட்டியதைப் படித்துப் பொருள் சொல்வது ஆகியவை இதில் அடங்கும். கூட்டல், கழித்தல் அளவுக்கு இப்பகுதியைப் பெற்றோர் விசாரிப்பதில்லை என்பது வருத்தத்திற்குரியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பாடத்திட்டம் முழுவதையும் உரிய காலத்தில் முடிப்பதையும், ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பதையும் ஆசிரியரின் கடமையாக விதித்திருக்கிறது.

கொரோனாக் காலத்தில் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய 2022இல் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளிலும், 2023-24 கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளிலும் நடைமுறைக்கு வந்தது. அதில் குழந்தைகள் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டுச் செயல்பாடுகள் வழியே கற்கின்றனர்.

விளக்கப்படத்தில் குழந்தைகள் தடுமாறும் முதல் இடம் அளவுத்திட்டம். ஒரு மாம்பழப் படம் 5 குழந்தைகளைக் குறிக்கும் என்று எழுதியிருந்தாலும், மூன்று படங்களைக் கண்டதும் விடை 3 என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே ஒரு படத்திற்கு ஒன்று என்ற நிலையில் நன்கு பழக்கிய பிறகே அடுத்த நிலைக்குப் போக வேண்டும். இரண்டாவது இடம், படம் சொல்வது எது, சொல்லாதது எது என்று பிரித்தறிவது. திருநெல்வேலி மாவட்டத்தில் கார், பிசான சாகுபடிக் காலங்களில் வீட்டுக்கு வீடு பேசப்படும் அணை நீர்மட்டத்தையே இதற்கு எடுத்துக்கொள்ளலாம். பாபநாசம் அணையில் 110 அடி, மணிமுத்தாறு அணையில் 106 அடி என்று வைத்துப் பட்டைகள் வரைந்தால், பாபநாசத்தின் பட்டையே உயரமாக இருக்கும். ஆனால் பாபநாசத்தின் முழுக் கொள்ளளவு உயரம் 143 அடி, மணிமுத்தாற்றுக்கு 118 அடி என்பதால், நிரம்புவதற்கு அருகில் இருப்பது மணிமுத்தாறுதான். உயரமான பட்டையைச் சுட்டிக் காட்டுவதோடு நில்லாமல் இந்த வேறுபாட்டையும் சொல்லும் குழந்தையே படத்தைப் படித்திருக்கிறது என்பேன்.

பெற்றோரை முறையாகச் சந்தித்துக் குழந்தையின் வருகை, கற்றல் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதும் அதே 24ஆம் பிரிவின்படி ஆசிரியரின் கடமையே. அச்சந்திப்பில் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதுடன், ஒரு பட்டை விளக்கப்படத்தைத் தந்து அதிலிருந்து சில கேள்விகளுக்கு விடை சொல்லுமாறும் கேட்டுப் பார்க்கலாம். குறை தென்பட்டால், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினருக்குக் குறையாமல் பெற்றோர் அல்லது பாதுகாவலர் இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழுவில் அதை எடுத்துச் சொல்லலாம். அரசுப் பள்ளியில் இந்தக் கூடுதல் கற்பித்தலுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.